கோட்டைத் தாண்டிய கால்: கிரிக்கெட்டில் விதியின் எழுத்தும் ஆட்டத்தின் பெருந்தன்மையும்

1. சிட்னியில் விழுந்த பெயில்கள்

சுதந்திரம் அடைந்து நான்கு மாதங்களே ஆகியிருந்த இந்தியாவின் அணி, லாலா அமர்நாத்தின் தலைமையில் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று, 1947ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சிட்னி மைதானத்தில் இரண்டாவது டெஸ்ட் பந்தயத்தை ஆடிக்கொண்டிருந்தபோது, இடக்கைச் சுழற்பந்து வீச்சாளரான வினூ மன்கட் வழக்கம்போல் ஓடிவந்து, வீசவேண்டிய பந்தை வீசாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, தம் பக்கத்து ஸ்டம்புகளின் மேலிருந்த பெயில்களைத் தட்டிவிட்டார். பந்து புறப்படுமுன்பே கோட்டை விட்டு வெளியேறி ஓட்டத்திற்கு ஆயத்தமாகியிருந்த பில் பிரவுன், 18 ரன்களோடு ரன் அவுட் ஆனார். அன்று தேதி 13. இந்தியா 188 ரன்களுக்கும் ஆஸ்திரேலியா 107 ரன்களுக்கும் சுருண்டு, மழையால் முடிவு காணாமலே போன அந்தப் பந்தயத்தை இன்று புள்ளிவிவரப் பித்தர்களைத் தவிர வேறு யாரும் நினைப்பதில்லை; ஆனால் கோட்டைத் தாண்டிய அந்தக் காலும் பெயிலைத் தட்டிய அந்தக் கையும் முக்கால் நூற்றாண்டு கடந்தும் விவாதத்திலேயே நிற்கின்றன.

அதற்கு முந்தைய மாதம் நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் விவாதத்திற்குப் பொருளுண்டு. டான் பிராட்மன் தமது நூறாவது முதல்தரச் சதத்தை அடித்த, இந்தியர்கள் ஆஸ்திரேலியப் பதினொருவர் அணிக்கு எதிராக ஆடிய பந்தயத்தில், அதே சிட்னியில், அதே பிரவுன் அதே விதமாக நகர்ந்தபோது மன்கட் முதலில் எச்சரித்தார். மறுபடியும் நகர்ந்தபோது ரன் அவுட் செய்தார். டெஸ்ட் பந்தயத்தில் எச்சரிக்கை இல்லை என்பதே அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றம். ஒருவரை ஒரே தவறுக்காக எத்தனை மைதானங்களில், எத்தனை வாரங்களுக்கு ஒருமுறை எச்சரிக்கவேண்டும் என்று குற்றம் சாட்டியவர்கள் சொல்லவில்லை. எதிரணித் தலைவரான பிராட்மனோ, 1950இல் வெளியான தமது சுயசரிதையில், மன்கட்டின் நேர்மையைச் சந்தேகிக்க ஏதுமில்லை என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதினார். பாதிக்கப்பட்டவர் அணியின் தலைவரே தந்த சாட்சியம் இது. ஆயினும் ஆங்கிலக் கிரிக்கெட் பேச்சு வழக்கு அதைக் காதில் வாங்காமல், மன்கட்டின் பெயரை ஒரு வினைச்சொல்லாக்கி, இழிவின் சாயலோடு அகராதியில் சேர்த்துவிட்டது. தவறு செய்தவர் பிரவுன்தானே, சொல் அவர் பெயரால் அல்லவா வழங்கவேண்டும் என்று சுனில் கவாஸ்கர் பின்னாளில் கேட்டது வேடிக்கைக்காக மட்டும் அன்று.

2. எழுப்பப்படும் வினா

இந்த வகைச் சந்தர்ப்பங்களில் இரண்டு கட்சிகள் பழக்கமாகிவிட்டன. விதி அனுமதிப்பதைச் செய்தவனைக் குறைகூற இடமில்லை என்பது ஒன்று. விதி அனுமதித்தாலும் கண்ணியமுள்ளவன் செய்யத்தகாதவை சில உண்டு, அவற்றின் தொகுப்பே ஆட்டத்தின் ஆன்மா என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே பிழையைச் செய்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. ‘ஆட்டத்தின் ஆன்மா’ என்று ஒரே பெயரால் அழைக்கப்படுவது உண்மையில் தன்மையால் வேறுபட்ட இரண்டு காரியங்களாகும்: தனக்கு விதி அளித்த உரிமையை ஒருவன் தானே விட்டுக்கொடுப்பது ஒன்று, அவ்வாறு விட்டுக்கொடுக்குமாறு எதிராளியிடம் கேட்டுக் கிடைக்காதபோது அவனைக் குற்றவாளியாக்குவது மற்றொன்று. முன்னதற்கு ஈகை என்று பெயர். பின்னதற்கு என்ன பெயர் என்பதே இக்கட்டுரை ஆராய விரும்புவது.

3. விதிநூல் சொல்வது

கிரிக்கெட்டின் அறியப்பட்ட மிகப் பழைய விதித்தொகுப்பு 1744ஆம் ஆண்டினது. 1787இல் தோன்றிய மேரில்போன் கிரிக்கெட் கிளப், அதாவது எம்.சி.சி., மறு ஆண்டே அவ்விதிகளைத் திருத்தி வெளியிட்டு, அன்று முதல் இன்றுவரை அவற்றின் பாதுகாவலராக இருந்து வருகிறது. பந்து வீசப்படுமுன் மறுமுனையில் கோட்டை விட்டு நகர்ந்தவரை ரன் அவுட் செய்வது மன்கட்டின் கண்டுபிடிப்பு அன்று; நாட்டிங்ஹாம்ஷயரின் தாமஸ் பார்க்கர் 1835லேயே அதைச் செய்ததாகப் பதிவு உண்டு. முதலில் எச்சரிக்கவேண்டும் என்ற நிபந்தனையோ விதிநூலின் பக்கங்களில் இல்லை. அது வழக்கத்தால் பிறந்து, வழக்கத்தாலேயே விதியைக் காட்டிலும் கனம் பெற்றுவிட்ட சம்பிரதாயம்.

2000ஆம் ஆண்டில், காலின் கௌட்ரி, டெட் டெக்ஸ்டர் என்னும் முன்னாள் இங்கிலாந்துத் தலைவர்கள் இருவரின் முயற்சியால், ஆட்டத்தின் ஆன்மாவைப் பற்றிய முகவுரை ஒன்று விதிகளோடு சேர்க்கப்பட்டது. எழுதப்படாததே தன் பெருமை என்று இருந்ததை எழுதிவைத்தது விசித்திரமான காரியந்தான். 2017இன் தொகுப்பில் மறுமுனை ரன் அவுட்டைப் பற்றிய பிரிவின் தலைப்பு மாறியது: அதுவரை பந்துவீச்சாளரின் முயற்சியைக் குறித்த தலைப்பு, மறுமுனை மட்டையாளர் சீக்கிரம் வெளியேறுவதைக் குறிப்பதாயிற்று. 2022 அக்டோபர் 1 முதல் அப்பிரிவே, முறையற்ற ஆட்டத்தைப் பேசும் 41ஆம் விதியிலிருந்து பெயர்க்கப்பட்டு, ரன் அவுட்டைப் பேசும் 38ஆம் விதிக்குள் குடியேற்றப்பட்டது. ஓர் எழுத்தும் பெரிதாக மாறாமல், இடம் மாற்றியதனாலேயே ஒரு செயலின் மேலிருந்த களங்கம் துடைக்கப்பட்டதை, சட்ட வரலாறு பயில்வோர் கவனிக்கவேண்டும்.

விதி மௌனமாக இருந்த இடத்தில் பெருந்தன்மை பேசியதும் உண்டு, அதை மறைத்தல் நேர்மையாகாது. 1981 பிப்ரவரி 1ஆம் தேதி மெல்பர்னில், கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்தால் ஆட்டம் சமனாகும் என்ற நிலையில் நியூஸிலாந்தின் பிரையன் மெக்கெக்னி நின்றிருக்க, ஆஸ்திரேலியத் தலைவர் கிரெக் சாப்பல் தம் தம்பி டிரெவரிடம் பந்தைத் தரையோடு உருட்டிவிடச் சொன்னார். அன்றைய ஆஸ்திரேலிய நடைமுறையில் அது தடுக்கப்பட்டிருக்கவில்லை; இங்கிலாந்தின் ஒருநாள் போட்டிகளில் முன்பே தடுக்கப்பட்டிருந்தது. நியூஸிலாந்துப் பிரதமர் ராபர்ட் மல்டூன் அதைக் கோழைத்தனம் என்று பகிரங்கமாகக் கூறும் அளவுக்கு விவகாரம் முற்றியது. இங்கே எழுந்த கண்டனத்தை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். காரணம் எளியது: மெக்கெக்னி எந்தத் தவறும் செய்திருக்கவில்லை. பிரவுன் தமக்குச் சேராத இரண்டடியைக் கடனாக எடுத்துக்கொண்டார்; மெக்கெக்னி தம் இடத்தில் நின்று தமக்குரிய பந்துக்காகக் காத்திருந்தார். விதியின் ஓட்டையைப் பயன்படுத்தி ஆட்டத்தையே இல்லாமற் செய்வது ஒன்று. விதியை மீறியவனை விதியாலேயே தடுப்பது வேறு. ஒரே கூண்டில் இவ்விரண்டையும் நிறுத்துவதனால்தான் விவாதம் தெளிவடையாமல் இருக்கிறது.

4. மட்டை யாருடையது?

சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்து வைத்து ஆடியவர்களுக்கு ஓர் அநுபவம் இருக்கும். மட்டையைக் கொண்டுவரும் பையன் முதலில் ஆடுவான். அவன் முதல் பந்திலேயே அவுட்டானால் அது ‘ட்ரையல் பால்’ ஆகிவிடும். அடுத்தவன் முதல் பந்தில் அவுட்டானால் அது அவுட். எந்த வீட்டு மதிலைத் தாண்டினால் சிக்ஸர், எந்த வீட்டுக்குள் விழுந்தால் அவுட் என்பன யாவரும் ஏற்ற விதிகள். மட்டைக்காரனுக்கு மட்டும் விதியோடு கொஞ்சம் ‘ஆன்மா’வும் உண்டு. ஆங்கிலக் கிரிக்கெட்டின் வரலாற்றைப் படிக்கும்போது இந்தப் பையனின் நினைவு வந்துகொண்டே இருப்பதை என்னால் தடுக்க முடிவதில்லை.

இங்கிலாந்தில் 1962ஆம் ஆண்டின் இறுதியில் ஒழிக்கப்படும்வரை, ஆட்டக்காரர்கள் ‘கனவான்கள்’ என்றும் ‘தொழில்முறையாளர்’ என்றும் இரு சாதிகளாகவே இருந்தனர். ஸ்கோர் அட்டையில் கனவானின் தலைப்பெழுத்துகள் பெயருக்கு முன்னும், கூலிக்கு ஆடுபவரின் எழுத்துகள் பெயருக்குப் பின்னுமாக அச்சிடப்பட்டன. உடைமாற்றும் அறைகள் வேறு. பல மைதானங்களில் களத்துக்குள் நுழையும் வாயில்களுங்கூட வேறு. 1952இல் லென் ஹட்டன் பொறுப்பேற்கும்வரை, இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தலைமை முறைப்படி ஒரு தொழில்முறையாளருக்கு அளிக்கப்பட்டதில்லை. பொதுவாகப் பார்த்தால், நாள் முழுதும் வெயிலில் பந்து வீசும் பாரத்தைத் தொழில்முறையாளர் சுமக்க, அழகாக மட்டை பிடிக்கும் புகழைக் கனவான்கள் விரும்பினார்கள். எழுதப்படாத மரியாதைகள் இந்தச் சமூகத்தில், இந்தத் தலைமையின் கீழ்ப் பிறந்தவை. அவை பெரும்பாலும் மட்டையாளருக்குச் சாதகமாகவும் பந்துவீச்சாளரைக் கட்டுப்படுத்துவனவாகவும் அமைந்தது தற்செயல் என்று கொள்வதற்கு நிரம்பிய வெகுளித்தனம் வேண்டும்.

1932–33இன் ‘பாடிலைன்’ தொடர் இதற்குக் கொடிய உதாரணம். பம்பாயில் பிறந்து, வின்செஸ்டரிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்த கனவான், இங்கிலாந்துத் தலைவர் டக்ளஸ் ஜார்டின், ஆஸ்திரேலிய மட்டையாளர்களின் உடலைக் குறிவைத்து வேகப்பந்து வீசும் திட்டம் வகுத்தார். பதினான்கு வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போன ஹரால்ட் லார்வுட் அதை நிறைவேற்றினார். விதிக்கு உட்பட்ட அந்தப் பந்துகள் அடிலெய்டில் உட்ஃபுல்லின் நெஞ்சிலும் ஓல்ட்ஃபீல்டின் தலையிலும் பட்டபின், ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வாரியம் ‘விளையாட்டு வீரர்க்கு ஒவ்வாதது’ என்னும் பொருள்படத் தந்தி அனுப்பியது. எம்.சி.சி.யைச் சுட்டது பந்துகளின் அபாயத்தைவிட அந்த ஒரு சொல்தான். புயல் ஓய்ந்தபின் மன்னிப்புக் கேட்குமாறு சொல்லப்பட்டவர் யார்? திட்டம் வகுத்தவர் அல்லர், பந்து வீசியவர். தலைவர் சொன்னதைச் செய்ததற்கு மன்னிப்பு எதற்கு என்று லார்வுட் மறுத்தார். அதன்பின் இங்கிலாந்துக்கு அவர் ஆடவேயில்லை. 1950இல், எந்த நாட்டு ஜனங்கள் அவரைக் கூவிப் பழித்தார்களோ அந்த ஆஸ்திரேலியாவிலேயே போய்க் குடியேறினார். ஜார்டினோ மறு ஆண்டு இங்கிலாந்து அணியை நடத்திக்கொண்டு இந்தியாவுக்கு வந்து, 1934 பிப்ரவரியில் நமது சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்ட் பந்தயத்திலும் தலைமை வகித்தார். அந்தப் பந்தயத்தில் இங்கிலாந்து வீச்சாளர் கிளார்க்கின் வேகப்பந்து முகத்தில் பட்டு இந்தியாவின் நவுமல் ஜாவுமல் காயமுற்று வெளியேறியபோது, சென்னைவாசிகள் பாடிலைன் என்ற சொல்லைப் பத்திரிகையில் படித்ததோடு நிற்காமல் கண்ணாலும் ஒரு துளி கண்டார்கள் எனலாம்.

மரியாதைகள் மட்டையாளர் பக்கமே சாய்ந்தவை என்பதற்குப் பழைய காலத்துக்குப் போகத் தேவையில்லை. 2013 ஜூலையில் டிரென்ட் பிரிட்ஜில், ஸ்டூவர்ட் பிராட் அடித்த பந்து மட்டையின் விளிம்பில் பட்டு, விக்கெட் கீப்பரின் கையுறையில் மோதி, முதல் ஸ்லிப்பில் நின்றவர் கையில் தஞ்சம் புகுந்தது. மைதானம் முழுதும் கண்ட அதை நடுவர் ஒருவர் காணவில்லை. பிராட் அசையாமல் நின்றார். 37இல் இருந்தவர் 65 ரன்கள் எடுத்தார். இங்கிலாந்து 14 ரன்களில் வென்றது. தீர்ப்பு நடுவருடையது, ஆட்டக்காரருடையது அன்று என்ற வாதம் அன்று பெருவாரியாக ஏற்கப்பட்டது. இருக்கட்டும், எனில், ‘விதியை நடுவர் பார்த்துக்கொள்வார்’ என்று நிற்கும் உரிமை மட்டையாளருக்கு இருக்க, அதே சொற்களைக் கூறிப் பெயிலைத் தட்டும் பந்துவீச்சாளர் மட்டும் எவ்வாறு நெறி பிறழ்ந்தவர் ஆவார்?

5. விட்டுக்கொடுத்தவர்கள்

ஈகையின் உதாரணங்கள் வேறு ரகம். 1980 பிப்ரவரியில் பம்பாயில் நடந்த பொன்விழா டெஸ்டில், இங்கிலாந்து 58 ரன்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்து தத்தளித்துக்கொண்டிருந்த வேளையில், பாப் டெய்லர் கீப்பரிடம் பிடிகொடுத்ததாக நடுவர் தீர்ப்பளித்தார். பந்து மட்டையில் படவில்லை என்று உணர்ந்த இந்தியத் தலைவர் ஜி.ஆர்.விசுவநாத், முறையீட்டைத் திரும்பப் பெற்று அவரை மீண்டும் ஆட அழைத்தார். டெய்லர் 43 எடுத்தார். 114 அடித்த இயன் போத்தத்தோடு சேர்ந்து 171 ரன்கள் குவித்தார். இந்தியா பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. விசுவநாத் விதியை மீறி இரக்கம் காட்டவில்லை. பொய்யான ஒரு தீர்ப்பின் பலனை ஏற்க மறுத்தார். அவர் செய்தது, எழுத்துக்கு எதிரானதாகாமல், எழுத்து சரியாக நிறைவேறும்படி செய்த காரியம்.

1987 அக்டோபர் 16 அன்று லாகூரில் கோர்ட்னி வால்ஷ் செய்தது அதனினும் அரியது. உலகக் கோப்பைப் பந்தயத்தின் கடைசிப் பந்தில் பாகிஸ்தானுக்கு இரண்டு ரன்கள் வேண்டும், கையில் இருப்பது ஒரே விக்கெட். வால்ஷ் ஓடிவந்தபோது சலீம் ஜாஃபர் மறுமுனைக் கோட்டை விட்டு வெகுதூரம் போயிருந்தார். பெயிலைத் தட்டியிருந்தால் பந்தயம் முடிந்தது. வால்ஷ் நின்றார், தட்டவில்லை, திரும்பிப் போய் அந்தப் பந்தை வீசினார், அப்துல் காதர் வேண்டிய இரண்டு ரன்களை எடுத்தார், மேற்கிந்தியத் தீவுகள் அரையிறுதிக்குப் போகவில்லை. இதை நான் போற்றுகிறேன். ஆனால் வால்ஷைப் போற்றுவதிலிருந்து மன்கட்டைப் பழிப்பதற்கு எந்தத் தர்க்கப் பாலமும் இல்லை. தன் நிலத்தைத் தானமாக எழுதிவைத்தவனைப் புகழ்கிறோம் என்பதற்காக, எழுதிவைக்காத பக்கத்து வீட்டுக்காரனைத் திருடன் என்று அழைப்பதில்லை.

விதியும் இந்த ஈகைக்கு ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. முறையீடு இல்லாமல் நடுவர் எவரையும் அவுட் என்று அறிவிப்பதில்லை. முறையிட்டபின்னும், நடுவரின் சம்மதத்தோடு, ஆட்டக்காரர் களத்தை விட்டு நீங்குமுன் தலைவர் அதைத் திரும்பப் பெறலாம். 2011இல் டிரென்ட் பிரிட்ஜில் தேநீர் இடைவேளைக்குச் சற்று முன், பந்து எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டதாக எண்ணி 137 ரன்களில் கிரீஸை விட்டு நடந்த இயன் பெல் ரன் அவுட்டாக, இடைவேளையில் எம்.எஸ்.தோனி முறையீட்டைத் திரும்பப் பெற்றார். பெல் 159வரை போனார்; தோனிக்கு ஐ.சி.சி. பின்னர் பத்தாண்டின் ஆட்ட ஆன்மா விருதையே அளித்தது. கண்டிப்பான வாசகர் ஒருவர் அங்கே சிரித்திருக்கவேண்டும்: பெல் அப்போது களத்தை விட்டுப் போய் ஓய்வறையில் இருந்தார். எழுத்தின்படி அந்த வாசல் சாத்தப்பட்டிருந்தது. ஆன்மாவைக் காக்க அன்று எழுத்தை மீறினார்கள், யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

6. பழித்தவர்கள்

எதிராளியைக் குற்றம் சாட்டும் ஆயுதமாக ஆன்மாவைப் பயன்படுத்தியவர்களின் சாட்சியம் நீதிமன்றத்தில் நிற்காது, ஏனெனில் சாட்சிகள் இடம் மாறும்போது வாக்கும் மாறுகிறது. 2014இல் எட்ஜ்பாஸ்டனில் சசித்ர சேனநாயக்க, எச்சரித்தபின், ஜோஸ் பட்லரை மறுமுனையில் ரன் அவுட் செய்தபோது, முறையீட்டைத் திரும்பப் பெற மறுத்து விதியின் பக்கம் உறுதியாக நின்றவர் இலங்கைத் தலைவர் ஏஞ்சலோ மேத்யூஸ். 2023 நவம்பர் 6 அன்று டெல்லியில், தலைக்கவசத்தின் வார் அறுந்ததால் உரிய இரண்டு நிமிஷங்களுக்குள் முதல் பந்தை எதிர்கொள்ளத் தவறி, சர்வதேசக் கிரிக்கெட்டில் ‘டைம்டு அவுட்’ ஆன முதல் மனிதராகி, பங்களாதேஷ் தலைவர் ஷாகிப் அல் ஹசனின் செய்கையை வெட்கக்கேடு என்று நொந்துகொண்டவரும் அதே மேத்யூஸ்தான். அவருடைய டெல்லி மனக்கசப்பில் நியாயம் இல்லையென்று நான் சொல்லமாட்டேன். அறுந்த வாருக்காக ஒருவரை வெளியேற்றுவது, இரண்டடி திருடியவரை வெளியேற்றுவதற்குச் சமமாகாது. ஆனால் விதி என்பது நமக்கு உதவும்போது பிரமாணமாகவும், நம்மைத் தொடும்போது கொடுமையாகவும் தோன்றும் இயல்புடையது என்பதற்கு இதனினும் சுருக்கமான பாடம் கிடைப்பது அரிது.

2023 ஜூலை 2 அன்று லார்ட்ஸில், பந்து செத்துவிட்டதாகத் தாமே முடிவுகட்டிக் கிரீஸை விட்டு நடந்த ஜானி பேர்ஸ்டோவை அலெக்ஸ் கேரி ஸ்டம்புகளில் எறிந்து வெளியேற்றினார். ஆஸ்திரேலியா 43 ரன்களில் வென்றது. உணவு இடைவேளைக்கு அறைக்குத் திரும்பிய ஆஸ்திரேலியர்களை, பெவிலியனின் நீண்ட கூடத்தில் நின்றுகொண்டு ஏசியவர்கள் எம்.சி.சி.யின் அங்கத்தினர்கள், மூவர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். விதிகளின் பாதுகாவலர் சங்கத்து உறுப்பினர்கள், விதிப்படி நடந்த செயலுக்காக, ஆட்டத்தின் ஆன்மாவின் பெயரால் விருந்தாளிகளை அவமதித்தார்கள். அவர்களில் வரலாறு அறிந்தவர் இருந்திருந்தால் 1882ஆம் ஆண்டை நினைத்திருப்பார்: ஓவல் மைதானத்தில், ரன் முடிந்ததென்று எண்ணி ஆடுகளத்தைச் சீர்செய்யக் கிரீஸை விட்டு நகர்ந்த இளைஞர் சாமி ஜோன்ஸை ரன் அவுட் செய்தவர் ஆங்கிலக் கிரிக்கெட்டின் மூலபுருஷர் டபிள்யூ.ஜி.கிரேஸ். வெகுண்டெழுந்த ஆஸ்திரேலிய வீச்சாளர் ஸ்பாஃபர்த் 44 ரன்களுக்கு 7 விக்கெட்டுகளை வீழ்த்த, 85 ரன்களே தேவைப்பட்ட இங்கிலாந்து 77இல் மடிந்தது. ‘ஆஷஸ்’ என்ற பெயரே அந்தத் தோல்வியில் பிறந்ததுதான்.

7. இடம் பெயர்ந்த விதி

மேற்கு மாம்பலத்துத் தெருக்களில் ஆடி வளர்ந்த ஆர்.அஸ்வின் 2019 மார்ச் 25 அன்று ஜெய்ப்பூரில், 69 ரன்களில் இருந்த அதே பட்லரை மறுமுனையில் வெளியேற்றியபோது, எம்.சி.சி. முதலில் விதிப்படி சரியே என்றது. பிறகு, அவர் நின்ற நேரம் அதிகம், ஆகையால் ஆன்மாவுக்கு ஒவ்வாது என்றது. அஸ்வின் அசையவில்லை, வருந்தவேண்டியவர் கோட்டைத் தாண்டியவரே என்ற நிலையை அன்று முதல் விடாமல் வாதித்தார். இளமையில், 2012இல் பிரிஸ்பேனில், லஹிரு திரிமன்னேயை அவர் இவ்விதமே ரன் அவுட் செய்து, தலைவர் சேவாக் முறையீட்டைத் திரும்பப் பெற்றுவிட, தலைகுனியாமல் ஆனால் வாய்மூடி வீசச் சென்ற அநுபவம் அவருக்கு உண்டு. 2022 செப்டம்பர் 24 அன்று லார்ட்ஸிலேயே இந்தியாவின் தீப்தி சர்மா, 47 ரன்களில் இருந்த இங்கிலாந்தின் சார்லி டீனை அவ்வாறே வெளியேற்றி வெற்றியை முடித்தபோது பழைய புலம்பல் மறுபடி எழுந்தது. ஒரு வாரத்தில் விதியே 38ஆம் எண்ணுக்கு இடம் பெயர்ந்தது. மன்கட் 1978லேயே இறந்துபோயிருந்தார்.

இடமாற்றத்துக்குப் பின் மூன்று மாதங்கள் கழித்து, 2023 ஜனவரி 10 அன்று கௌஹாத்தியில், கடைசி ஓவரில் 98 ரன்களில் நின்றிருந்த இலங்கைத் தலைவர் தசுன் ஷானக மறுமுனையில் முன்னதாக நகர, முகமது ஷமி பெயிலைத் தட்டினார். ரோஹித் சர்மா ஓடிவந்து முறையீட்டைத் திரும்பப் பெற்றார். ஷானக சதம் முடித்தார். மறுநாள் பத்திரிகைகள் ரோஹித்தின் பெருந்தன்மையைப் பாராட்டின. ஷமி தம் குறியிடத்துக்குத் திரும்பிப் போய், மீதமிருந்த பந்துகளை வீசினார்.